மோட்சத்தில் ஒரு கம்பித் தடுப்பு

இந்த அநியாயத்தைக் கேளுங்கள். ஓர் ஊரில் மாதா கோயிலுக்குள்ளே ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. தடுப்புக்கு முன்னால் பண்ணைக்காரர்கள், பின்னால் கூலிக்காரர்கள். பூசை காண்பதிலும் பாகப்பிரிவினை!

பீடத்துக்கு மேலே மோட்சத்தை வரைய, போர்டு எழுதும் ராயப்பனைக் கூப்பிட்டார் பெரிய பண்ணையார் மதலைமுத்து. ராயப்பன் தடுப்புக்குப் பின்னால் நிற்கிற ஆள்.

"மோட்சத்துலயும் இதே தடுப்பு இருக்கணும்டா. மாட்டுக்கொட்டில்ல பொறந்து கைவேலை செஞ்சு பொழைச்ச பய ஒருத்தன்கூட எங்க பக்கம் நிக்கக் கூடாது. மீறினா, நீ இந்த ஊர்ல இருக்க முடியாது."

ராயப்பனுக்கு உள்ளங்கால்வரை எரிந்தது. "நீங்க சொன்னபடியே செஞ்சிடறேன் ஐயா" என்றான்.

திருவிழாவன்று ஊரே பார்த்திருக்க, ஓவியத்தை மூடியிருந்த திரையை இழுத்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் பட்டு வேட்டியும் தங்கச் சங்கிலியுமாகப் பண்ணைக்காரர்கள். அந்தப் பக்கம் கூலிக்காரர்கள், அவர்கள் நடுவே சேசுநாதர்.

"ஆண்டவரை எதுக்குடா அங்க வச்சே?" என்று சீறினார் பண்ணையார்.

"நானா வச்சேன்? அவரும் மாட்டுக்கொட்டில்ல பொறந்தவரு, தச்சு வேலை செஞ்சு பொழைச்சவரு. அப்படிப்பட்டவங்க உங்க பக்கம் நிக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

ராயப்பன் கறுப்புப் பெயிண்டில் தூரிகையை முக்கி எடுத்தான்.

"பேர் எழுதறது மட்டுந்தான் பாக்கி ஐயா. அந்தப் பக்கம் மோட்சம்னு எழுதிட்டேன். ஆண்டவர் இல்லாத உங்க பக்கத்துக்கு என்ன பேர் எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க."