ஒரே மேசையில் வைக்கக் கூடாத எலும்புகள்

அந்த உத்தரவு வந்த நாளிலிருந்தே, அருங்காட்சியகத்தில் எலும்பு கழுவும் செங்கமலத்துக்கு உறுத்தல்தான். அங்கே வந்திருந்த இரண்டு பழங்காலப் பென்குயின் எலும்புகளையும் மறந்தும் ஒரே மேசையில் வைக்கக் கூடாதாம். அவற்றைப் பூட்டிவைத்த பெட்டிகளின் சாவிகளை இயக்குநர் வைகுந்தநாதன் இடுப்பைவிட்டு இறக்குவதே இல்லை. கழுவும்போது பார்த்திருக்கிறாள்: இரண்டிலும் ஒரு முனை புதிதாக முறிந்தாற்போல வெளுத்திருந்தது.

இரண்டும் என்றோ அழிந்துபோன இரண்டு தனித்தனி இனங்களின் எலும்புகள் என்று இயக்குநர் எழுதிவிட்டார். ஓர் இனத்துக்குத் தன் பெயர், மற்றதற்கு மனைவி பிரபாவதியின் பெயர்.

ஒப்புதல் தர வெளியூர் ஆய்வாளர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் புருவத்தைச் சுருக்கியதும், இயக்குநருக்குச் செங்கமலத்தின் மேல் சந்தேகம் பாய்ந்தது.

"நீதானே ஏதோ ஓதிவிட்டிருக்கே? அவ்வளவு தெரிஞ்சவளா இருந்தா, இந்த ரெண்டு பறவைக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லு. சொல்லலேன்னா இன்னையோட வேலை போச்சு!"

"சொல்றேங்கய்யா. ரெண்டையும் கையில எடுத்துப் பார்த்தாத்தானே சொல்ல முடியும்?"

ஆய்வாளர்கள் தலையாட்டிவிட்டார்கள். இயக்குநர் வேறு வழியில்லாமல் பெட்டிகளைத் திறந்தார்.

"ரெண்டும் ஒரே காலத்துப் பறவைங்களாய்யா?"

"பத்து லட்சம் வருஷம் இடைவெளி!"

செங்கமலம் ஒன்றின் முறிந்த முனையை மற்றதன் முறிந்த முனையோடு வைத்துப் பொருத்தினாள். மயிரிழை இடைவெளியும் இல்லாமல் இரண்டும் ஒரே கால் எலும்பாகிவிட்டன.



"வித்தியாசம் இருக்குங்கய்யா" என்றாள் அவள். "மேல் பாதியில உங்க பேரு, கீழ்ப் பாதியில அம்மா பேரு."