மக்கு என்றொரு ராஜ கட்டளை

நெய்க்குன்றம் என்று ஒரு நாடு இருந்த காலம் அது. குவளைமாறன் என்ற ராஜா அந்த நாட்டை ஆண்டார். அந்த ராஜாவை அவருடைய நாக்கு ஆண்டது.

நல்ல மனிதர்தான். ஆனால் கையில் செங்கோல் இருக்கும்போது அவர் எதைச் சொன்னாலும் அது ஆணை என்று, தாத்தா காலத்துச் சட்டம் ஒன்று இருந்து தொலைத்தது. ஒருநாள் ரசத்தில் உப்பு கூடிவிட்டதென்று சமையற்காரரைப் பார்த்து, "உன் தலையில் இடி விழ!" என்று கத்திவிட்டார். அப்புறம் என்ன, இடி இடிக்கும்போதெல்லாம் அந்த மனிதரை முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இடிக்குத்தான் மனம் வரவில்லை, பிழைத்தார்.

மந்திரி தேனப்பர் மேல் ராஜாவுக்குக் கொள்ளைப் பிரியம். அதைக் கண்டு வயிறெரிந்தவர் அம்பலநம்பி. அரண்மனையின் வெல்ல ஆலை, எண்ணெய்ச் செக்கு, நெல்குத்துக் கூடம் எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. அங்கே மிஞ்சும் கரும்புச் சக்கை, பாகின் அழுக்கு, உமி, செக்குக் கசடு எல்லாவற்றையும் வண்டி வண்டியாக விரிசற்பாடி வயல்களில் பச்சையாகக் கொட்டிவந்தார். ஏற்கெனவே அது கல்லாக இறுகிய களிமண். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, வெயிலடித்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். குப்பையும் சேர்ந்ததும் பயிர் மஞ்சளடித்துப் போயிற்று.

விரிசற்பாடிக்காரர்கள் சடைச்சி என்ற பெண்ணை முன்னால் விட்டு அரசவைக்கு வந்தார்கள். அவள் ஒரு கூடை நிறைய நாறும் சக்கையைக் கொண்டுவந்து, மந்திரியின் காலடியில் இறக்கினாள்.

"மகாராசா, இதத்தான் எங்க வயல்ல கொட்டுறாங்க. நாங்க என்னத்த விதைக்க, என்னத்தத் திங்க?"

அம்பலநம்பி முந்திக்கொண்டார். "பிரபு, அது செத்த மண். கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. குதிரைப் பந்தயத் திடலுக்கு அதைவிட நல்ல இடம் உண்டா? இவர்களை வேறெங்காவது போகச் சொல்லிவிடலாம்."

குதிரை என்றதும் ராஜாவுக்குக் கண் விரிந்தது. "பேஷ்! விஜயதசமிக்கு அங்கே பந்தயம்!"

சடைச்சியின் முகம் வெளிறியது. தேனப்பர் மெல்லக் கனைத்தார். "மன்னா, அந்த மண் சாகவில்லை. மூச்சுவிட முடியாமல் கிடக்கிறது. கொஞ்சம் பொறுத்தால்..."

ஆசையில் குறுக்கே வந்தால் ராஜாவுக்குப் பிடிக்காது. பக்கத்தில் சாய்த்துவைத்திருந்த செங்கோலை எடுத்துத் தேனப்பர் பக்கம் நீட்டி, "மக்கு!" என்று கத்தினார்.

அம்பலநம்பி துள்ளி எழுந்தார். "செங்கோல் கையில் இருக்கிறது! ஆணை, ஆணை!"

ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டார். தேனப்பர் மட்டும் சிரித்த முகமாக, "ஆணைதானா, மன்னா?" என்று கேட்டார்.

"சட்டம் அப்படித்தானே சொல்கிறது," என்று ராஜா தரையைப் பார்த்தபடி முனகினார்.

"அப்படியானால் நிறைவேற்றிவிடுகிறேன். நம்பியாரே, உம் ஆலைக் கழிவு முழுவதும் எனக்கு வேண்டும்."

குப்பையும் தொலைந்தது, மந்திரியின் மானமும் போயிற்று என்று அம்பலநம்பிக்கு இரட்டைச் சந்தோஷம். வண்டிகளைத் தாராளமாக அனுப்பினார்.

தேனப்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விரிசற்பாடியில் இறங்கினார். சக்கை, உமி, கசடு, அதன்மேல் மாட்டுச்சாணம் என்று அடுக்கடுக்காகக் குவித்து, தண்ணீர் தெளித்து, அவ்வப்போது புரட்டிப்போட்டார்கள். குவியல் சூடேறி ஆவி விட்டது.

"இதெல்லாம் எங்கய்யா கத்துக்கிட்டீங்க?" என்றாள் சடைச்சி.

"என் வீட்டுக் குப்பைக்குழியில் ஒரு பூசணி தானாக முளைத்தது, அம்மா. நான் வளர்த்ததைவிடப் பெரிய காயாகக் காய்த்து என் மானத்தை வாங்கிவிட்டது."

ஆடிக்குள் நாற்றம் போய், குவியல் கறுத்துப் பொலபொலவென்று உதிர்ந்தது. அதை வயலெங்கும் இறைத்து உழுது, கேழ்வரகு விதைத்தார்கள். மழை வந்தது. அந்த வருஷம் தண்ணீர் தேங்கவில்லை, மண்ணுக்குள் இறங்கிற்று.

விஜயதசமியன்று ராஜா குதிரைகளோடு வந்தார். திடல் இருக்கவேண்டிய இடத்தில் முழங்காலுயரப் பயிர் நின்றது. அம்பலநம்பி வரப்போரம் அவசரமாகக் கூடாரம் அடிக்கச் சொன்னார். முளைக்குச்சிகள் மிருதுவான மண்ணில் நிற்காமல் உருவிக்கொள்ள, கூடாரம் அவர் மேலேயே சரிந்தது.

"தேனப்பரே! என் பந்தயத் திடல் எங்கே?"

"தங்கள் கட்டளைப்படி நடந்தேன், மன்னா. கூடையைப் பார்த்து 'மக்கு' என்றீர்கள். மக்க வைத்தேன். மக்கிய எருவில் மண் இளகிவிட்டது."

கூடாரத்துக்குள்ளிருந்து அம்பலநம்பி அலறினார். "பொய்! மக்கு என்று சொன்னது உம்மை!"

"மனிதனைப் பார்த்து 'மக்கு' என்று ஆணையிட்டால், அவன் முதலில் செத்து மண்ணுக்குள் போகவேண்டும். நான் சாகவேண்டுமென்றா மன்னர் ஆணையிட்டிருப்பார்?"

ராஜாவின் முகம் மாறிப்போயிற்று. "நீர் சாகவா? நானா சொல்வேன்?" கண் கலங்க மந்திரியைக் கட்டிக்கொண்டார். "கூடையைத்தான் சொன்னேன். சத்தியமாகக் கூடையைத்தான் சொன்னேன்!"

குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். புட்டு மாதிரி உதிர்ந்தது. ஒரு மண்புழு வேறு அவர் மோதிரத்தின்மேல் ஏறிற்று. ராஜா குழந்தையாகச் சிரித்தபடி செங்கோலைக் கையில் வாங்கினார்.

"இந்த நிலம் என்றைக்கும் விரிசற்பாடிக்காரர்களுடையது. தேனப்பருக்கு என் முத்துமாலை. நம்பியாரே, இனி ஒரு கூடைக் கழிவுகூடப் பச்சையாக வெளியே போகக்கூடாது. குவித்து, நனைத்து, புரட்டிப்போடுவது உம் வேலை. ஆள் வைக்கக்கூடாது. இதுவும் ஆணை!"

பிறகு ராஜா தம் குதிரைகளைத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பாவம், அலங்காரமெல்லாம் செய்து கூட்டிவந்தேன். இவை இங்கே ஓட முடியாதே."

சடைச்சி கைகூப்பினாள். "ஓட வேணாம் மகாராசா. ராத்திரிக்குச் சும்மா கட்டிப்போட்டுட்டுப் போங்க. அதுங்க போடுற லத்தி எங்க எருவுக்குப் போதும்."