கனடா போன மிக்ஸி

கோயம்புத்தூரில் பிறந்த ஒரு மிக்ஸி, முன்பொரு சமயம், பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே படுத்து விமானத்தில் கனடா போய்ச் சேர்ந்தது. லேசுப்பட்ட மிக்ஸி இல்லை. விரலி மஞ்சளையே மாவாக்கிவிடும். அது போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து உட்காரும். அதில் மிக்ஸிக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதைக் கொண்டுபோனவள் கோகிலவாணி. ஊரில் துணை மின்நிலையத்தில் இன்ஜினீயராக இருந்தவள். அவள் கையசைத்தால்தான் நாலு ஊருக்கு விளக்கு எரியும். கணவன் கதிரேசனுக்குக் கனடாவில் வேலை கிடைக்க, வேலையை விட்டுவிட்டுக் கூடப் போனாள்.

புது வீட்டுச் சமையல் மேடையில் ஏற்கெனவே ஒரு கண்ணாடி பிளெண்டர் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

"இந்த நாட்டில் இதற்குமுன் எதையாவது அரைத்திருக்கிறாயா?" என்று கேட்டது பிளெண்டர்.

"இல்லீங்க. ஆனா ஊர்ல நான் அரைக்காதது இல்லீங்க."

"அது ஊரில். இங்கே அனுபவம்?"

"யாராச்சும் அரைக்க விட்டாத்தானுங்களே அனுபவம் வரும்?"

பிளெண்டர் தன் மூடியை இறுக்கிக்கொண்டது. அதற்கு வாழைப்பழமும் பாலும் அடிக்கிற வேலை இருந்தது.

ஒரு சனிக்கிழமை கதிரேசன் மிக்ஸியின் பிளக் நுழைய ஓர் அடாப்டர் மாட்டி, வரமிளகாய் போட்டுத் திருகினான். மிக்ஸி மூச்சைப் பிடித்துச் சுற்ற முயன்றது. முனகல்தான் வந்தது. மிளகாய் போட்டது போட்டபடி கிடந்தது.

"மோட்டார் போயிருச்சு போல, வாணி. வெளிய போட்டுரலாமா?"

கோகிலவாணி அப்போதுதான் போனை வைத்தாள். விண்ணப்பித்திருந்த இன்னொரு வேலையும் இல்லையென்று ஆகியிருந்தது. இந்த நாட்டு அனுபவம் போதாதாம். "அப்புறம் பாத்துக்கலாங்க" என்றபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் மிக்ஸியை அலமாரிக்குள் வைத்துச் சாத்தினாள்.

உள்ளே ஒரே இருட்டு. மஞ்சள் அரைத்ததெல்லாம் நிஜம்தானா என்று மிக்ஸிக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் எப்பவுமே இப்படித்தானோ, ஊர்க்காரர்கள்தான் பாவம் பார்த்து ஒன்றும் சொல்லாமல் இருந்தார்களோ? கேட்க ஆளில்லை. கதிரேசன் வேலைக்குக் கிளம்பிப் போனபின் வெளியேயும் பேச்சுக்குரல் இருக்காது. கோகிலவாணி பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்கும். கழுவியதையே மறுபடி கழுவுவாள். பனி கொட்டத் தொடங்கியது. அவளுக்குப் போன் வருவதும் நின்றுபோனது.

ஒருநாள் காலையில் கதிரேசன், "அந்த ஓட்டை மிக்ஸிய இன்னைக்காச்சும் தூக்கிப் போட்டுரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோகிலவாணி மிக்ஸியை எடுத்துத் தூசி துடைத்துக் கவிழ்த்தாள். அடியில் பொறித்திருந்த எண் கண்ணில் பட்டது. சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"அட கண்ணு, உனக்கு ஒண்ணும் ஆகல. உனக்கு வேண்டியது இருநூத்தி முப்பது வோல்ட். இங்க வர்றது நூத்தி இருவது. பாதி கரண்ட்டக் குடுத்துட்டு மோட்டார் போச்சுன்னா எப்படி? இதக்கூடப் பாக்காம விட்டுட்டனே, நானெல்லாம் ஒரு இன்ஜினீயர்."

"நெசமாலுமா அக்கா? நான் சோடை போகலீங்களா?"

"சத்தியமா இல்ல. வந்தப்ப எப்படி இருந்தியோ அப்படியேதான் இருக்கற. உம்மேல ஒரு தப்பும் இல்ல."

மிக்ஸிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மெதுவாகக் கேட்டது.

"அப்ப உங்க மேல மட்டும் ஏதாச்சும் தப்புங்களா அக்கா?"

கோகிலவாணி பிளெண்டரை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் மிக்ஸியை வைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கனடாவுக்கு வந்த இத்தனை நாளில் அவளிடம் அதைக் கேட்டது அந்த மிக்ஸி ஒன்றுதான்.