பழனிக்குப் போன சுவர்

கோணக்காட்டூர்க்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. செலவே செய்யாமல் அப்படியே பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அந்த ஊருக்கு மிருதுளா என்று ஓர் ஓவியர் வந்தார். அங்கேயே தங்கி, வீடு வீடாகப் போய்ப் பேசிப் பழகி, சாவடிச் சுவரில் ஊர்மக்களையே ஆளுயரத்துக்கு வரைந்தார். நட்டநடுவில் சுருட்டைமுடியோடு சிரித்துக்கொண்டு நின்றவன் நாச்சிமுத்து. கிளம்பும்போது மிருதுளா, "இது வெறும் படம் இல்லைங்க, நீங்கதான். ஊரைக் கேக்காம எதையும் மாத்திடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அங்கேதான் பிடித்தது சனி.

நாச்சிமுத்துவுக்குப் பழனியில் ஒரு மொட்டை பாக்கி. மனைவி பாவாத்தாள் காமாலையில் கிடந்தபோது வேண்டிக்கொண்டது. அவள் எழுந்து மாடு கறக்கவே ஆரம்பித்துவிட்டாள். இவன் தலை மட்டும் அப்படியே இருந்தது. முருகன் என்ன நினைப்பாரோ என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டவனை ஊர்த்தலைவர் ஆறுக்குட்டி மறித்தார்.

"நீ மொட்டையடிச்சுட்டா, சுவத்துல முடியோட நிக்கறது யாருடா?"

"நானுங்க."

"அப்ப மொட்டையா திரும்பி வர்றது?"

நாச்சிமுத்து வெகுநேரம் யோசித்தான். "அதுவும் நானாட்டத்தானுங்க தெரியுது."

விஷயம் பெரிசாகி ஊர் கூடியது. படத்தின் முடியைச் சுரண்டிவிடலாம் என்றார் ஒருவர்.

"உள்ளூர்ல எடுத்த மொட்டை பழனிக் கணக்குல சேருமாய்யா?" என்று அதட்டினார் ஆறுக்குட்டி.

சேராதுதான். ஆகவே சுவரில் இருக்கிற நாச்சிமுத்துவைப் பழனிக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று.

"நானும் கூடப் போறனுங்க."

"நீதானேடா போறே! ஒரு வேண்டுதலுக்கு ரெண்டு மொட்டையா?"

கடப்பாரையால் படத்தைப் பெயர்த்து, டிராக்டரில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தார்கள். பாவாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தில் வெயில் படாமல் குடை பிடித்தாள்.

இப்போது சுவரில் ஆளுயர ஓட்டை. படம் பார்க்க வெளியூர் ஆட்கள் வருவார்களே! சும்மாதானே இருக்கிறான் என்று நாச்சிமுத்துவையே அதில் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்கள். வந்தவர்கள், "முடி பிரமாதம். மூக்குதான் சரியா வரலை" என்று குறைபட்டுக்கொண்டு போனார்கள்.

மறுநாள் டிராக்டர் திரும்பியது. பழனியில் எந்தப் புண்ணியவான் உளி பிடித்தானோ, சுவர்த்துண்டின் தலை வழவழவென்று இருந்தது. மேலே சந்தனம் வேறு. "எம் புருசன் நேத்திக்கடனைத் தீத்துட்டாரு!" என்று பாவாத்தாள் பூரித்துப்போனாள். சாவடிக்கு எதிர்வீடுதான் அவர்களுடையது. வாசல் கட்டிலில் அதைச் சாய்த்துவைத்து, வாயில் பஞ்சாமிர்தம் ஊட்டினாள்.

ஓட்டையில் நின்ற நாச்சிமுத்து அதைப் பார்த்தான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஆறுக்குட்டி கிட்டே வந்து, அவன் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சுவரு கசியுது. மழைக்கு முன்னால ரெண்டு பூச்சு சுண்ணாம்பு அடிச்சுருங்கடா" என்றார்.