சாயப்பட்டறைக்குக் கொள்ளி வைத்த பொங்கியண்ணன்

ஊஞ்சக்காட்டுப் புதூரில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு ஒழுங்காக இருந்தார்கள். ஊர்ப் பெயர் டி.வி.யில் வந்ததற்குக் காரணம், மிச்சமிருந்த நாலு பேர்.

நாலு பேரில் மூத்தவர் இட்லிக்கடை பொங்கியண்ணன். இரண்டாவது, கடையில் சட்னி அரைக்கும் அவர் மனைவி மாராத்தாள். மூன்றாவது, எதிர்வரிசையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் நாச்சிமுத்து. நாலாவது சென்னியப்பன், அவருக்குத் தொழில் என்று ஒன்றும் இல்லாததால் மற்ற மூன்று பேருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

பொங்கியண்ணன் கடை இட்லி ஒரு காலத்தில் வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. ஊருக்கு மேற்கே வர்ணலீலா என்று ஒரு சாயப்பட்டறை இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதன் கழிவுத் தண்ணீர் ஓடையில் இறங்கி, ஓடையிலிருந்து ஊறிப் பொங்கியண்ணன் கிணற்றுக்கு வந்து சேர்ந்தது. பட்டறையில் பச்சை பனியனுக்குச் சாயம் போட்டால் கடையில் பச்சை இட்லி. நீலம் போட்டால் நீல இட்லி. முதல் வாரம் குழந்தைகள் சண்டை போட்டு வாங்கிப் போனார்கள். இரண்டாம் வாரம் அந்தக் குழந்தைகளுக்கு வயிற்றால் போனது. அதற்குப் பிறகு, எது இட்லி எது சட்னி என்று தெரியாத கடைக்கு யார் வருவார்கள்? முப்பது வருஷமாக எரிகிற அடுப்பு அணைந்துவிடும் என்று பொங்கியண்ணனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இட்லி சுடுவதைத் தவிர இந்த உலகத்தில் அவருக்கு வேறெதுவும் தெரியாது.

ஒன்பது மனு எழுதினார்கள். கலெக்டர் அலுவலகத்தில், “மனுவை இங்கேயே போட்டுட்டுப் போங்க” என்றார்கள். ஒன்பதையும் அங்கேயே தரையில் போட்டுவிட்டு வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் கோயமுத்தூரிலிருந்து வெண்மணி என்ற பெண் வந்தார். வீதி நாடகம் போடுகிறவர்; எல்லாரும் தன்னைத் தோழர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்றார். கடையில் ஒரு ஊதா இட்லியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் கீழே வைத்தார்.

“மனுவுக்கெல்லாம் இவங்க அசைய மாட்டாங்க. ஊரே இவங்களைப் பார்த்துச் சிரிக்கணும். பெரிய கம்பெனி கேலிக்குத்தான் பயப்படும். பட்டறை செத்துப்போச்சுன்னு பாடை கட்டி ஊர்வலம் போங்க. டி.வி.க்காரங்களை நான் அனுப்பறேன்” என்றார்.

“நாங்க சிரிக்கணுங்களா, அழுகணுங்களா தோழர்?” என்று நாச்சிமுத்து கேட்டார்.

“நீங்க சிரிக்கவே கூடாது. நெஜ எழவு மாதிரியே இருக்கணும். ஒரு மொறையைக்கூட விட்டுறாதீங்க.”

இதைச் சொல்லிவிட்டு அவர் நாலரை மணி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அவர் செய்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் தானாக நடந்தது.

நாலு பேரும் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பட்டறை வாசலில் எழுதியிருந்த வருஷத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இறந்தவருக்கு இருபத்தாறு வயசுதான். சின்ன வயசுச் சாவு என்று மாராத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“போனது ஆம்பளைங்களா, பொம்பளைங்களா? அது தெரியாம எப்படிங்க அழுகறது?” என்றாள்.

“ஆம்பளதான். நாள் பூரா பொகை விடுதில்ல?” என்றார் சென்னியப்பன்.

“எங்க ஊட்டுக்காரரு பீடியே தொட்டதில்லீங்க. அப்ப அவரு?”

எல்லாரும் பொங்கியண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கும் அது யோசிக்க வேண்டிய விஷயமாகத்தான் பட்டது. நேரமில்லாததால் அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்தது, யார் யாருக்குச் சேதி சொல்வது. பட்டறைக்கு நெருங்கிய சொந்தம் அங்கே வேலை செய்கிறவர்கள்தான் என்று முடிவாயிற்று. நாச்சிமுத்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குள் போனார்.

“துக்கச் சேதிங்க. உங்க பட்டறை காலமாயிருச்சுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கறோம்.”

“எந்தப் பட்டறைங்க?” என்றான் ஒரு தொழிலாளி.

“நீங்க உள்ள நிக்கறீங்களே, இதேதானுங்க.”

நெருங்கிய சாவுக்கு ஒரு நாள் லீவு உண்டு என்பது யாருக்கோ ஞாபகம் வந்தது. பாதிப் பேர் மறுநாளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். கடைசியில் தானும் ஒன்று எழுதி மேலே வைத்தார்.

கொள்ளி வைப்பது யார் என்பதில்தான் பேச்சு நீண்டது. பட்டறையோடு ரொம்ப ஒட்டுறவாக இருந்தவர் பொங்கியண்ணன்தான்; அது விட்ட தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொண்டவர் அவர்தானே என்று சென்னியப்பன் சொன்னார். பொங்கியண்ணன் காலையில் மொட்டை போட்டு, இருபது வருஷத்து மீசையையும் எடுத்துவிட்டார். பட்டறை என்று ஒரு வைக்கோல் பொம்மைக்குச் சட்டை மாட்டிப் பாடையில் அவரே கிடத்தினார். மூன்று வருஷமாக அந்தப் பட்டறையைச் சபித்துக்கொண்டிருந்தவர். செத்தவன்மேல் என்ன கோபம் என்று நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அது நடிப்பில்லை. நிஜமாகவே அழுதார்.

பிணத்தை அவரவர் வீட்டு வாசலிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் பாடையைத் தூக்கிக்கொண்டு பட்டறை கேட்டுக்கே போனார்கள். டி.வி.க்காரர்கள் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார்கள். பறைச் சத்தம் கேட்டு மேனேஜர் ரகுராமன் வெளியே வந்தார்.

“யாருங்க செத்தது?” என்றார்.

“நீங்கதானுங்க சார். உங்க பட்டறை” என்றார் பொங்கியண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மேனேஜர் கெட்டிக்காரர். கேமராவைப் பார்த்துச் சிரித்தார். “பட்டறை உயிரோடதான் இருக்கு. அதுக்குப் பதிலா நான் நிக்கறேன், பாருங்க. ரொம்ப நல்லா இருக்கோம்.”

நாலு பேரும் பாடையைக் கீழே வைத்தார்கள். உயிரோடு இருக்கிறவரைக் கொண்டுபோய் எரித்தால் பெரிய பாவம். பொங்கியண்ணன் தலையைத் தடவிப் பார்த்தார். மொட்டை வேறு போட்டாயிற்று.

“அவசரப்படாதீங்க. எங்க பெரியப்பனுக்கும் இப்படித்தான் சந்தேகமா இருந்துச்சு. வாயில தண்ணி ஊத்திப் பாத்தாங்க. உள்ள எறங்குச்சுன்னா உசுரு இருக்குதுன்னு அர்த்தம்” என்றார் சென்னியப்பன்.

இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. மாராத்தாள் சொம்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் எங்கே தண்ணீர் இருக்கிறதென்று பார்த்தாள். பக்கத்தில் இருந்தது பட்டறைக் குழாய்தான். கழிவு வந்து விழும் இடத்திலேயே ஒரு சொம்பு பிடித்தாள். அன்றைக்கு ஊதா. மேலே நுரை கட்டியிருந்தது.

“ஒரு மடக்குக் குடிங்க சார். எறங்கிருச்சுன்னா பாடையத் திருப்பி எடுத்துட்டுப் போயிடறோம். உங்களுக்கு நூறு வயசு” என்றாள்.

மேனேஜர் சொம்பைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். அவர் தலைக்கு மேலே காம்பவுண்டு சுவரில், ‘இங்கிருந்து வெளியேறும் நீர் குடிநீருக்கு நிகரானது’ என்று அவரே எழுதச் சொன்ன வாசகம் இருந்தது. கேமரா முதலில் அதைக் காட்டிவிட்டு அப்புறம் அவரைக் காட்டியது. அவர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். மாராத்தாள் சொம்பை வாயருகே கொண்டுபோகப் போக, இன்னும் இறுக்கினார்.

சென்னியப்பன் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். “பல்லு கிட்டிப் போச்சு” என்றார் மெதுவாக.

அவ்வளவுதான். மாராத்தாள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். நாச்சிமுத்து மடியிலிருந்து அரிசியை எடுத்து மேனேஜருக்கு வாய்க்கரிசி போடப் போனார். மேனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். இறந்தவர் தாமே நடந்து போகிறாரே என்று பொங்கியண்ணனுக்கு ஒரு சின்னக் குழப்பம். ஆனால் பெரியவர்கள் சொல்லிவைத்த சோதனை, அதைத் தாண்டிப் பேச நாம் யார் என்று பாடையைத் தூக்கச் சொன்னார்.

அன்று மாலைக்குள் தமிழ்நாடே அந்த உதட்டைப் பார்த்துச் சிரித்தது. சிரிப்புச் சத்தம் தாங்காமல், ஒன்பது மனுவுக்கும் அசையாத அதிகாரிகள் ஜீப்பில் வந்து பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். சாவு விழுந்த வீட்டைக் கொஞ்ச நாள் பூட்டி வைப்பது சில ஊரில் வழக்கம்தான் என்று சென்னியப்பன் விளக்கினார். பொங்கியண்ணன் கொள்ளி வைத்ததிலிருந்து பதினாறாம் நாள் காரியம் வரை ஒழுங்காகச் செய்தார். ஐப்பசி மழை பெய்து கிணறு கழுவிப் போனது. ஒரு நாள் காலை துணியை உரித்தபோது இட்லி வெள்ளையாக இருந்தது. தட்டோடு தூக்கிக்கொண்டு போய் வீதியில் எல்லாருக்கும் காட்டினார்.

தை பிறந்ததும் வெண்மணி போன் செய்தார். குரலில் நெருப்புப் பறந்தது. “ஏமாத்திட்டாங்க. அதே ஆளுங்க, அதே மெஷினு. பசுமைத் தளிர்னு புதுசா பேரை மாத்திக் கம்பெனியைத் தொறந்திருக்காங்க.”

பொங்கியண்ணன் போனை வைத்துவிட்டு மற்ற மூவரையும் கூப்பிட்டார். அன்று காலை இட்லி ஓரத்தில் லேசாக ரோஸ் தட்டியிருந்ததை அவர் யாருக்கும் சொல்லவில்லை. என்னவென்று நேரில் கேட்டுவிடலாம் என்று நாலு பேரும் கிளம்பினார்கள்.

கேட்டில் அதே மேனேஜர் ரகுராமன். இந்தத் தடவை கேமரா ஒன்றும் இல்லாததால் நிம்மதியாக நின்றார்.

“பழைய பட்டறைக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தக் கம்பெனி பொறந்தே எட்டு நாள்தான் ஆகுது. இந்தாங்க சர்டிபிகேட், தேதியை நீங்களே பாருங்க” என்று ஒரு தாளை நீட்டினார்.

நாலு பேரும் தேதியைப் பார்த்தார்கள். சந்தேகமே இல்லை. மாராத்தாளின் முகம் மலர்ந்துவிட்டது. “எட்டு நாள் கொழந்தைய வெறுங்கையோட பாக்க வந்துட்டமே” என்று எல்லாரையும் திட்டி வீட்டுக்கு இழுத்துப் போனாள். மத்தியானம் சர்க்கரை, கிலுகிலுப்பை, பழைய வேட்டி கிழித்த துணிமூட்டை என்று முறையாக எல்லாம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

உள்ளே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. “எட்டு நாள் கொழந்தைய ரெண்டு ஷிப்டு வேலை வாங்கறாங்களே, மனசாட்சி இருக்குதா?” என்றார் நாச்சிமுத்து. அப்போதுதான் பொங்கியண்ணன் சுவர் ஓரத்தைப் பார்த்தார். குழாயிலிருந்து ரோஸ் நிறத்தில் தண்ணீர் வழிந்து, ஓடைப் பக்கமாக, அவர் கிணற்றுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“இதுக்கு ஏனுங்க இப்படி உக்காந்துட்டீங்க? கொழந்தை நனைச்சிருச்சு, அவ்வளவுதான். அவங்களுக்குத் துணி கட்டத் தெரியல” என்றாள் மாராத்தாள்.

பொங்கியண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாலு பேரும் வேலையில் இறங்கினார்கள். குழாய் வாய் ஒரு முழத்துக்கு இருந்தது. பதினோரு வேட்டி சுற்றியும் கசிந்தது. பிள்ளை பெரிசு, இதற்கு ஜமுக்காளம்தான் தாங்கும் என்று சென்னியப்பன் சொல்ல, இரண்டு ஜமுக்காளத்தை மடித்து உள்ளே திணித்தார்கள். மேலே லாரி ட்யூபைக் கிழித்து நாச்சிமுத்து இழுத்துக் கட்டினார். ஒழுகுவதை அடைப்பது அவருக்குப் பரம்பரைத் தொழில். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. இது கழன்றால் மறுபடி கட்ட ஆள் வேண்டுமே என்று நாலு பேரும் பக்கத்திலேயே துண்டை விரித்து உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேனேஜர் அறைக் கதவு திறந்தது. இடுப்பளவு ரோஸ் தண்ணீரோடு மேனேஜரும், அவர் நாற்காலியும், இரண்டு பைலும் வாசல் வழியாக மிதந்து வெளியே வந்தார்கள். இடுப்புக்குக் கீழே அவர் அந்தி வானம் மாதிரி இருந்தார்.

“யாருய்யா குழாயை அடைச்சது? உள்ள ஆபீஸ் பூரா நனைஞ்சு கெடக்குது” என்று கத்தினார்.

மாராத்தாள் உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினாள். “மெதுவாப் பேசுங்க சார், முழிச்சுக்கப் போவுது. கொழந்தை இருக்கற ஊடுன்னா அப்படித்தானுங்க இருக்கும். ஒரு ரெண்டு வருசத்துக்குப் பொறுத்துக்கங்க.”