மூன்று மணி நேரக் கல்யாணம்

மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே ஒரு டிவிடிக்குள் ஏற்றச் சொன்னால், நீங்கள் எதை விடுவீர்கள்?

கோதண்டம் பந்தியை விட்டார்.

அவரைக் குறை சொல்லாதீர்கள். நீங்களாயிருந்தாலும் அதைத்தான் விட்டிருப்பீர்கள். வாயில் சோற்றை அடக்கிக்கொண்டு கேமராவைப் போ போ என்று விரட்டுகிற சொந்தக்காரர்களை யார் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது?

கோதண்டத்துக்கு ஐம்பத்து நாலு வயது. ஜவுளிக்கடை வேலையை விட்டபிறகு, பழைய கல்யாணக் கேசட்டுகளை டிவிடியாக மாற்றித் தரும் கமருன்னிஷாவிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார். அவள் அவரைவிட இருபது வயது சின்னவள். அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

ஒரு நாள் காலையில் தன் அக்காவின் கல்யாணக் கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாடாவெல்லாம் வெள்ளைப் பூசணம்.

"முப்பத்திரண்டு வருசமா பரண்ல கெடந்துச்சு. அக்கா ஆசையாக் கேட்டிருக்கா. படம் கண்ணாடி மாதிரி வரணும்."

கமருன்னிஷா நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஒரு தடவைதான் ஓடும்ணே. அதுக்கப்புறம் உரிஞ்சு கொட்டிரும்."

"ஒரு தடவை போதும். படம் தெளிவா வர என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க."

கடைக்குப் பின்னாலேயே அவள் வீடு. எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவரும் பின்னாலேயே போனார்.

ஒரு கரண்டி மாவை ஊற்றிக் கல் முழுக்க இழுத்தாள். தோசை அங்கங்கே கிழிந்து பல்லிளித்தது.

அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, இன்னொரு கரண்டியை நடுவிலேயே ஊற்றினாள். சின்னதாக, ஓட்டையில்லாமல் வெந்தது.

"புரிஞ்சிருச்சு," என்றார் கோதண்டம். "ஒரு டிவிடியில ஒரு மணி நேரம்தான் ஏத்தணும். மூணு மணி நேரத்தையும் திணிச்சா முகமெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும்."

"இருங்கண்ணே, இன்னும் முடியல."

அவர் அதற்குள் கடைப்பக்கம் போய்விட்டார்.

அவள் பிள்ளைகளுக்குச் சோறு கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பி, மிச்ச வேலையும் முடித்து வருவதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. ஒரு கையில் மூன்று தோசை வைத்த தட்டு. இன்னொரு கையில் மூன்று வெற்று டிவிடி.

டெக்கில் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. பதிவு செய்கிற ரெக்கார்டர் நின்றிருந்தது.

"ரெக்கார்டர் ஏன் நிக்குது?"

"பந்திதானே ஓடுது, வாத்தியாரம்மா. நலங்குலயும் பாதிய ஏத்தாம விட்டுட்டேன். தாலி கட்டுறது முழுசும் ஏறிருச்சு."

அவள் பொத்தானை நோக்கிக் கை நீட்டினாள். அதற்குள் டெக்குக்குள் கரகரவென்று சத்தம். நாடா உரிந்து தூளாகக் கொட்டியது.

"போகட்டும்," என்றார் கோதண்டம். "வேண்டியது வந்திருச்சுல்ல."

கமருன்னிஷா தட்டையும் மூன்று டிவிடியையும் அவர் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அக்கா கடைக்கு வந்தாள். பெயர் மங்கையர்க்கரசி.

படம் நேற்று எடுத்ததுபோல் இருந்தது. சேலையின் ஜரிகையை இழை இழையாக எண்ணலாம்.

"உங்க மாமா மீசையப் பாருடா. ரெண்டு பக்கமும் ரெண்டு பல்லி."

கோதண்டம் பெருமையாகச் சிரித்தார். படம் முடிந்தது.

"பந்தி எங்கடா?"

"அதை விட்டுட்டேன்க்கா, தெளிவு குறைஞ்சிரும்னு. அதுல என்ன இருக்கு? சோறு போடுறதும் ரசம் ஊத்துறதும்."

"ரசம் ஊத்தினது யாரு?"

ரிமோட்டும் கையுமாக நின்ற கோதண்டத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

அப்பா செத்து எட்டு மாதத்தில் நடந்த கல்யாணம். தாலியறுத்தவள் மணவறைப் பக்கம் வரக்கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அம்மா மேடை ஏறவே இல்லை. ரச வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில்தான் நடந்தாள்.

அம்மா போய் இருபது வருடம். வீட்டில் இருப்பது ரேஷன் கார்டுப் போட்டோ ஒன்று. நடக்கிற அம்மா, பேசுகிற அம்மா அந்த முக்கால் மணி நேரத்தில் மட்டும்தான் இருந்தாள்.

"வாத்தியாரம்மா," என்றார். "ஏதாவது செய்ய முடியுமா?"

கமருன்னிஷா ரிமோட்டை வாங்கினாள். படத்தைப் பின்னால் ஓட்டி, தாலி ஏறுகிற இடத்தில் விட்டாள். மணப்பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

எல்லாரும் தாலியைப் பார்க்கிறார்கள். மணப்பெண் பார்க்கவில்லை. தலை குனிந்தே இருக்கிறது. கண் மட்டும் ஓரமாக, படத்துக்கு வெளியே போகிறது. அதில் தண்ணீர் திரண்டு நிற்பதுகூடத் தெரிகிறது.

"அந்தப் பக்கம் என்னக்கா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"சமையக்கட்டு வாசல்."

அட்சதை விழ ஆரம்பித்தது.

மங்கையர்க்கரசி நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"அந்தக் கண்ணுலயே கொஞ்ச நேரம் நிறுத்தி வையும்மா," என்றாள்.