வியாழக்கிழமை விழப்போகிறவர்

மன்னர் வீரகேசரியின் அவையில் விகடம் பேசுகிற சொக்கேசன், செக்காட்டும் மாரப்பனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது வைத்தியக் களஞ்சியத்தின் வாசலில். மாரப்பன் நெல் அளந்து கொட்டிக்கொண்டிருந்தான். அறுவடைக்கு அறுவடை எல்லா வீட்டாரும் அங்கே நெல் கொடுப்பார்கள். யாருக்கு நோய் வந்தாலும் வைத்தியர் கூலியைக் களஞ்சியம் கொடுக்கும். மன்னர் செய்த ஏற்பாடு அது.

“நோய் வராவிட்டால் நெல் நஷ்டம். வந்தால் நான் நஷ்டம். சாமியிடம் எதைக் கேட்பது என்றே தெரியவில்லை ஐயா” என்றான் மாரப்பன்.

மறுவாரம் அவனைப் பாம்பு கடித்தது. வைத்தியர் ஓடிவந்து இரண்டு நாள் போராடினார். பிழைக்கவில்லை.

வைத்தியர் கூலி கேட்டபோது களஞ்சிய அதிகாரி ஆனையப்பர் கையை விரித்தார். “வைத்தியம் தொடங்க மூன்று நாள் முன்பே சொல்லி என் முத்திரை வாங்கியிருக்க வேண்டும். அதுதான் விதி.”

கூலி மாரப்பன் மனைவி வெள்ளையம்மாள் தலையில் விழுந்தது. செக்கை விற்றால்தான் கடன் அடையும். செக்கு போனால் சோறும் போகும். அவள் சொக்கேசனிடம் வந்து சொன்னாள். அன்று மாலை அவன் தெருத்தெருவாக நடந்தான்.

மறுநாள் களஞ்சிய வாசலில் நீண்ட வரிசை.

“உனக்கு என்ன?” என்று முதலில் நின்றவனைக் கேட்டார் ஆனையப்பர்.

“வியாழக்கிழமை பனைமரத்திலிருந்து விழப்போகிறேன். முத்திரை போடுங்கள்.”

“விழுவாய் என்று எப்படித் தெரியும்?”

“தெரியாதுங்க. விழுந்தபிறகு வந்தால் நேரமாகிவிட்டது என்பீர்களே.”

அடுத்து நின்றவள், “எனக்குத் தேள்கடி. இடது கால் போதும்” என்றாள்.

மூன்றாவது ஆளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. “என்னென்ன நோய் இருக்கிறது, சொல்லுங்கள். பார்த்து எடுத்துக்கொள்கிறேன்” என்றான்.

சத்தம் கேட்டு மன்னரே வந்துவிட்டார். “சொக்கேசா, இது உன் வேலைதானே?”

“விதிப்படி நடக்கச் சொன்னேன் மகாராஜா. வேறொன்றும் இல்லை.”

“கேலி செய்கிறார்கள் மகாராஜா” என்றார் ஆனையப்பர். “வரப்போகிற நோயை எந்த மனிதனால் முன்கூட்டிச் சொல்ல முடியும்?”

சொக்கேசன் கைகட்டி நின்றான். “வெள்ளையம்மாளுக்காக நான் வாதாட வந்தேன். ஐயாவே வாதாடி முடித்துவிட்டார்.”

மன்னர் வெகுநேரம் சிரித்தார். பிறகு விதியை நீக்கினார். “உனக்கு என்ன வேண்டும்?” என்று சொக்கேசனைக் கேட்டார்.

“வைத்தியர் கூலி.”

அன்றே கொடுத்தார்கள். செக்கு விலைக்குப் போகவில்லை. இப்போது வெள்ளையம்மாள்தான் மாடு ஓட்டுகிறாள்.